கிளாஸி டைல்ஸா, கிரானைட்டா, ஆத்தங்குடியா? தரை, கலர், சாமான் பற்றி ஒரு நீண்ட பேச்சு

பிப்ரவரி 4, காலை (திண்டுக்கல் வாசகியின் கேள்வி)

திண்டுக்கல் பக்கம் 1,150 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் ஹாலுக்கு 4×2 அடி வெள்ளை கிளாஸி டைல்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மாமனாருக்கு கிரானைட். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆத்தங்குடி டைல்ஸ் (காரைக்குடிப் பக்கம் கையால் செய்யும் கலர் சிமெண்ட் கல்) ஆசை. மாமியாருக்கு மூட்டுவலி, ஓடித் திரியும் பிள்ளைகள் இரண்டு, போர் தண்ணீர் உப்பு. எதை எடுப்பது? சுவர் கலரும் சோபாவும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு (என் பதில்)

கேள்வியின் கடைசியில் போட்டிருக்கிறீர்களே, மாமியார் மூட்டு, உப்புத் தண்ணீர் என்று, அவை இரண்டையும் முதலில் வையுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் துடைத்த தரை காய்ந்ததும் வெள்ளையாகப் படலம் விடும். பளபளக்கும் கறுப்புத் தரையில் அது அப்படியே தெரியும். காலையில் துடைத்துவிட்டுப் பத்து மணி வெயிலில் பார்த்தால் மாப் இழுத்த கோடுகூடத் தெரியும். அதற்காகச் சுத்த வெள்ளைக்குப் போனால் தலைமுடி, காலடி, செம்மண் எல்லாம் தெரியும். நடுவில் இருக்கும் நிறங்கள்தான் நம்மூருக்குச் சௌகரியம்: சாம்பலும் சந்தனமும் கலந்தது, பொடிப் புள்ளி போட்டது, லேசாகக் கல் வரி ஓடுவது.

மூட்டுவலிக்காரருக்கு வழுக்காத தரை வேண்டும். கிளாஸி டைல்ஸ் காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. துடைத்துவிட்டு ஃபேன் போட்டுக் காயவிடும் அந்தக் கால் மணி நேரம்தான் பயம். அந்த நேரத்தில்தான் வயசானவர்கள் பாத்ரூமுக்கு எழுந்து போவார்கள்.

ஹாலுக்கு மேட் (பளபளப்பு இல்லாதது) அல்லது சாட்டின் (லேசான மினுமினுப்பு மட்டும் உள்ளது) ஃபினிஷ் விட்ரிஃபைடு, அதாவது தண்ணீர் குடிக்காத கெட்டி டைல்ஸ், 2×2 அடி. இது என் முதல் பதில். ஆத்தங்குடி பற்றித் தனியாக எழுதுகிறேன், இரண்டு வரியில் முடியாது.

பிப்ரவரி 6

மாமனார் சொல்வதில் உண்மை உண்டு. கிரானைட் கீறல் விழாது, தலைமுறை தாங்கும், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லும் மதுரைப் பக்கத்துக் கல்லும் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. காஷ்மீர் வைட் என்று கடையில் சொல்கிறார்களே, அதுகூட மதுரைப் பக்கம் வெட்டுவதுதான். ஆனால் அந்த வெளிர் கல் எண்ணெயைக் குடிக்கும். சமையல் மேடைக்கு அதைப் போட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டம் நிரந்தரமாகிவிடும். மேடைக்குக் கறுப்பு கிரானைட்தான் நல்லது. தோசை மாவு, புளி, எலுமிச்சை எதற்கும் அசையாது.

கடப்பா கல் வேறு விஷயம். அது சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் மங்கிப் போய் வெள்ளைத் தடம் விழும். அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் அருமை, மேடைக்கு வேண்டாம். மார்பிளுக்கும் இதே கதை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு போதும்.

ஹால் தரைக்கு கிரானைட் போடுவதாக இருந்தால் ஒரே லாட்டில் (ஒரே தொகுதியில்) வந்த கல்லா என்று பாருங்கள். மாமனாரைத் திருப்திப்படுத்த இன்னொரு வழியும் இருக்கிறது: வாசல் படிக்கும் சிட்அவுட் படிக்கும் கிரானைட். தீயில் வாட்டி மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு ஃபினிஷ் கேளுங்கள். மழையில் வழுக்காது.

பிப்ரவரி 7

கடையிலிருந்து ஒரு சாம்பிள் டைல் வாங்கி வாருங்கள். தருவார்கள். இரவு அதன்மேல் மஞ்சள் தூள் கரைசல், புளித்தண்ணீர், நல்லெண்ணெய் மூன்றையும் தனித்தனியாக ஒரு சொட்டு விட்டு, காலையில் துடையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள், ஒரு கை சுவரில் இருக்கட்டும். ஷோரூம் விளக்கில் தெரியாதது எல்லாம் இதில் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 12

சேலத்து அண்ணன் ஒருவர், மேட் டைல்ஸில் அழுக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறது, துடைத்தாலும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். சரிதான், அதனால் பிப்ரவரி 4-இல் எழுதியதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். மேட்டிலும் வகை உண்டு. தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசுகிறதே, அது வெளி வாசலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும். அதை ஹாலில் போட்டால் மாப் நூல் மாட்டும், குழிக்குள் அழுக்கு தங்கும். வீட்டுக்குள் வேண்டியது தடவினால் வழவழப்பு, பார்த்தால் பளபளப்பு இல்லை என்ற ரகம். கண்ணை நம்பாதீர்கள், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

பளபளப்பான டைல்ஸிலும் கறை ஏறுவது உண்டு. பாலிஷ் போடும்போது மேலே நுண்ணிய துளைகள் திறந்துகொள்ளும். மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நிழல் மாதிரி தங்கினால் அந்த டைல் வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: விட்ரிஃபைடு என்றால் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்குள். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல்கூட உறிஞ்சும். விலை குறைகிறதே என்று சுவர் டைல்ஸைத் தரைக்குத் தள்ளிவிடும் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிப்ரவரி 15

ஆத்தங்குடி.

காரைக்குடிக்குப் பக்கத்தில் அந்த ஊருக்கே போய் ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, உள்ளே தகர அச்சை இறக்கி, சிறு கரண்டியால் ஒவ்வொரு அறைக்குள்ளும் கலர் சிமெண்டை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் கலர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்தால் அந்த மினுமினுப்பு. ஊற்றுகிற கையின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீட்டில் போடாவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இனி நடைமுறை. இது அடிப்படையில் சிமெண்ட் கல். அதனால் ஆசிட் ஆகாது. டைல்ஸ் ஒட்டுபவர் கடைசி நாளில் வழக்கம்போல ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்த மினுமினுப்பு போயே போய்விடும். பதித்தபிறகு தவிடோ உமியோ போட்டுத் தேய்ப்பதுதான் அந்த ஊர் வழக்கம். துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பதும் உண்டு. நடக்க நடக்க மெருகு ஏறும் தரை இது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் மங்கும்.

கல் கனம். விட்ரிஃபைடு ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான். இது அதைப்போல இரண்டு மடங்கு வரும். ஒரு அறையில் இது, பக்கத்து அறையில் அது என்றால் தரை மட்டத்தை இப்போதே கணக்குப் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் நிலைக்குக் கீழே கிட்டத்தட்ட அரை இஞ்ச் தடுக்கல் வரும். உங்கள் மாமியார் தடுக்கி விழ அது போதும்.

பதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதும் பெரிய விஷயம். சாதாரணமாக டைல்ஸ் ஒட்டுபவர் ரப்பர் சுத்தியலால் தட்டுகிற வேகத்தில் இதைத் தட்டினால் மூலை உடையும். கல் எடுக்கும் இடத்திலேயே ஆளையும் கேளுங்கள்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைப் படித்தால் ஆத்தங்குடி வேண்டவே வேண்டாம் என்று பயமுறுத்துவதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தரை அது. சித்திரை மாதத்தில் மத்தியானம் அதன்மேல் தலையணை மட்டும் போட்டுப் படுத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: பூஜை அறை, அப்புறம் ஊஞ்சல் போடப்போகும் உள் முற்றம் மாதிரி ஒரு இடம். அங்கே மட்டும் ஆத்தங்குடி. பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் மழைச்சாரல் அடிக்கும் வாசலுக்கும் வேண்டாம். நேர் வெயிலில் கலர் வெளுக்கும். உப்புத் தண்ணீரால் துடைத்தால் சிமெண்ட் கல்லில் வெள்ளை பூக்கும். அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குவது கஷ்டமில்லை. வீடு முழுக்கப் போட்டால்தான் கஷ்டம்.

பிப்ரவரி 20

நாகர்கோவில் தம்பி காவித் தரையை விட்டுவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார். எப்படி விடுவேன்? என் பாட்டி வீடு மேலூர்ப் பக்கம். ரெட் ஆக்சைடு தரை. மார்கழியில் அதன்மேல் பாட்டி மாக்கோலம் போட்டால் சிவப்பில் வெள்ளை எடுத்துக் கொடுக்கும். எந்த டைல்ஸிலும் அது வராது.

இரும்பு ஆக்சைடு பொடியைச் சிமெண்டோடு கலந்து மேல் பூச்சாகப் போட்டு, ஈரம் இருக்கும்போதே கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது. ஒரு அறையை ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். பிறகு நாள் கணக்கில் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். சாமான் செலவு குறைவு, கூலியும் பொறுமையும் அதிகம். மயிரிழை வெடிப்பு வரத்தான் செய்யும். அது பொறுக்காதவர்கள் இதைத் தொட வேண்டாம். கீழே தளம் அமராமல் இருந்தால் வெடிப்பு பெரிதாகும், அதற்குப் பிறகு ஒட்டுப்போட்டது தெரியாமல் சரிசெய்யவே முடியாது.

இதை நன்றாகச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் வயசாகிக்கொண்டே போகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், ஒரே ஒரு அறைக்காவது அவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு இளைஞனை நிறுத்தி வையுங்கள், கை வேலை அடுத்த ஆளுக்குப் போகட்டும்.

பிப்ரவரி 21

நம் வீடுகளில் உட்கார்வது, சாப்பிடுவது, காய் நறுக்குவது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, படுப்பது எல்லாம் தரையில் நடக்கிறது. படத்தில் பார்க்கிற வெளிநாட்டு வீடுகளில் செருப்போடு நடக்கிறார்கள், தரை வெறும் தரை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நம் தரையைத் தேர்வு செய்ய முடியாது. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம். டைல்ஸ் எடுக்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

பிப்ரவரி 28

பதிக்கும் வேலை பற்றி. டைல்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதிப்பதில்தான் கெடும்.

எங்கள் வீட்டு மாடியில் பதித்த ஆள் ‘ஜாயின்ட் தெரியாமல் ஒட்டித் தருகிறேன்’ என்று பெருமையாகச் சொன்னார். இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது மேயில் ஒரு மத்தியானம் பட்டென்று சத்தம், ஹால் நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழுந்து நின்றன. தரை சூட்டில் விரிகிறது, போக இடமில்லை, எழும்புகிறது. அவ்வளவுதான் காரணம். ஒவ்வொரு டைலுக்கும் நடுவில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி விடும் சிறு பிளாஸ்டிக் துண்டு) வையுங்கள். சுவரோரமும் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

அடியில் நாலு மூலைக்கும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்து ஒட்டினால் உள்ளே பொள்ளல். சுண்டிப் பார்த்தால் டொக் டொக் என்று சொல்லும். அம்மிக்கல்லோ குக்கரோ விழுந்தால் அந்த இடத்தில்தான் உடையும். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்பதால் வெறும் சிமெண்ட் பாலில் பிடிப்பு குறைவு. டைல் பசையைப் பல் கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்டுவது நல்லது. செலவு கூடும், பரவாயில்லை.

4×2 அடி டைல்ஸ் பற்றிக் கேட்டீர்கள். நீளம் கூடக் கூட லேசான வளைவும் கூடும். இரண்டு டைல்ஸை முகத்துக்கு முகம் வைத்துப் பாருங்கள், நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று. அந்த வளைவுள்ள டைல்ஸைச் செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால் ஒன்றின் மேடு அடுத்ததன் ஓரத்தில் உட்கார்ந்து கால் இடறும். நேர்கோட்டில் பதியுங்கள், அல்லது மூன்றில் ஒரு பங்கு தள்ளுங்கள்.

மார்ச் 1

பாத்ரூம். 1×1 அடி, ஆன்டி ஸ்கிட். சின்ன டைல் என்றால் தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கொடுப்பது சுலபம், ஜாயின்ட் அதிகம் என்பதால் கால் பிடிக்கும். டைல்ஸ் போடும் முன் வாட்டர் புரூஃபிங் செய்துவிட்டு, குழாய் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, வெளிச் சுவரில் ஓதம் வருகிறதா பாருங்கள். ஜாயின்டுக்கு எபாக்ஸி (பிசின் கலவை). உப்புத் தண்ணீருக்கு வெள்ளை சிமெண்ட் ஜாயின்ட் சீக்கிரம் பழுப்பாகிவிடும்.

மாமியாருக்குக் கைப்பிடி வேண்டும். சுவர் டைல்ஸ் ஒட்டும் முன்பே இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3 (வாசகியிடமிருந்து)

ஹால், அறைகள் எல்லாம் சந்தனச் சாம்பல் சாட்டின் 2×2. பூஜை அறையும் ஊஞ்சல் இடமும் ஆத்தங்குடி. படிக்கு ஃப்ளேம்டு கிரானைட். வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரில் ஏறி நின்று பார்த்தபிறகு வெள்ளை கிளாஸி பேச்சே எடுக்கவில்லை. இனி கலர் சொல்லுங்கள்.

மார்ச் 9

சந்தோஷம். வீட்டுக்காரரை ஏற்றி நிறுத்தியது நல்ல யோசனை.

கலர் அட்டையில் ஒரு விரல் அகலச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலு சுவரும் அதே கலராகும்போது ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டு, அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். பிடித்த கலருக்கு ஒரு படி வெளிர்ந்ததை எடுங்கள். சாம்பிள் டப்பா வாங்கி, சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். பக்கத்தில் தரை டைல் ஒன்றை நிறுத்தி வையுங்கள்.

மேற்குப் பார்த்த அறைக்கு மஞ்சள், ஆரஞ்சு வேண்டாம். சாயங்கால வெயிலே அந்த நிறத்தைக் கொண்டுவந்து கொட்டும். வெளிர் பச்சை, சாம்பல் நீலம் அங்கே கண்ணுக்கு இதம். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் அதே சாம்பல் நீலம் சோர்ந்து கிடக்கும். அங்கே சந்தன நிறமோ பாலாடை வெள்ளையோ நல்லது. சீலிங் எல்லா அறைக்கும் வெள்ளை.

புதுப்பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும். அவசரப்பட்டுப் பட்டி பார்த்தால் அடுத்த மழைக்கு உப்பு பூத்து உரியும். கிரகப்பிரவேசத் தேதியை வைத்துக்கொண்டு பெயிண்டரை விரட்டும் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

மார்ச் 10

பழைய வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சுவரின் கீழ்ப்பகுதியில் மூன்றடி உயரத்துக்கு அழுத்தமான கலர் அடித்திருப்பார்களே, அதை ஏன் விட்டோம் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் கை, தரையில் உட்கார்பவர்கள் சாய்கிற தலை எண்ணெய், மாப் தெறிப்பு எல்லாம் அந்த உயரத்தில்தான். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்த அளவு வரை கழுவக்கூடிய எமல்ஷன், தரைக்கு ஒத்த இருண்ட சந்தனம், மேலே வெளிர். அழகாகவும் இருக்கும்.

விளக்கைச் சொல்ல மறந்தால் கலர் சொன்னதற்கே அர்த்தமில்லை. 6500 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள்) வெள்ளை எல்இடியில் சந்தன நிறம் வெளிறிப் போகும், சாப்பாடும் ருசியாகத் தெரியாது. ஹாலுக்கு 4000, படுக்கை அறைக்கு 3000. சாம்பிள் அடித்த சுவரை அந்த பல்பைப் போட்டுப் பாருங்கள்.

மார்ச் 22

சோபா. ரெக்சின் வேண்டாம். நம் வேர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் சில வருஷத்தில் தோல் உரிந்து உடம்பெல்லாம் ஒட்டும். பெரிய எல் வடிவ சோபாவும் உங்கள் ஹாலுக்கு வேண்டாம். ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அடியில் துடைக்க விடாது, விசேஷம் வந்தால் நகரவும் செய்யாது.

மரச்சட்ட சோபா, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்ட மெத்தை. கால் உயரம் மாப் நுழைகிற அளவு. மாமியாருக்கு ஒரு தனி நாற்காலி, கைப்பிடி உள்ளது, உட்காரும் இடம் 18 இஞ்சுக்குக் குறையாமல். தாழ்ந்த சோபாவிலிருந்து மூட்டுவலிக்காரர் எழுவது எவ்வளவு வேதனை என்று என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். ஃபோம் கெட்டியாக இருக்கட்டும், 40 டென்சிட்டி (அடர்த்தி) கேளுங்கள்.

விருந்தாளி வந்தால்? பவானி ஜமக்காளம் ஒன்று, பத்தமடைப் பாய் இரண்டு. சுருட்டி வைத்தால் ஒரு மூலைக்குள் அடங்கும், பத்துப் பேர் உட்காரலாம்.

அடுப்படி அலமாரிக்குப் பலகை எடுக்கும்போது, சிங்க் அடியில் மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் போடுங்கள். அது மரைன் தரம். மரநார், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தண்ணீர் பட்டால் உப்பிப் போகும்.

ஏப்ரல் 6

திரைச்சீலை கேட்டவருக்கு: கரூர் பருத்தி. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்னால் கெட்டித் துணி லைனிங். ஜன்னல் சட்டத்துக்கு இருபுறமும் அரை அடி நீட்டி ராடு போடுங்கள், அப்போதுதான் திரையை ஒதுக்கினால் காற்று முழுதாக வரும். தரையைத் தொடும் நீளம் வேண்டாம், மாப் ஈரம் ஏறும்.

ஏப்ரல் 19

டைல்ஸ் பெட்டிகள் இறங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒட்டுபவர் வருவதற்குள், எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேடு குறியும் ஒன்றுதானா என்று நீங்களே நின்று பாருங்கள். மாறியிருந்தால் இப்போதே திருப்புங்கள், பெட்டி பிரித்தால் எடுக்க மாட்டார்கள். வெட்டிப் போவதற்கென்று கூட வாங்கியதில் மீந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். அந்த டிசைன் அடுத்த வருஷம் கடையில் இருக்காது. ஆத்தங்குடி கல்லிலும் ஏழெட்டு எடுத்து வையுங்கள், படுக்கப்போடாமல் நிமிர்த்திச் சாய்த்து, இரண்டுக்கு நடுவில் பழைய துணியோ காகிதமோ செருகி.